மாட்டின் பெயர் என்ன?

காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் ஓடுகிறோம். பல் வலித்தால் வீட்டையே இரண்டு படுத்துகிறோம். மனம் நொந்தால் மட்டும் கதவைச் சாத்திக் கொள்கிறோம். கொங்கு நாட்டில் இந்த வழக்கம் சற்று அதிகம் என்றே தோன்றுகிறது. "மழை தண்ணி எப்படிங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுகிற மனிதர், "மனசு எப்படிங்க?" என்று கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து விடுவார்.

நாம் உபாத்தியாயராக இருப்பது காங்கேயத்துப் பக்கம். 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்ததையும், 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பிரதேசம் என்று சர்க்கார் அறிவித்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காளையைக் காக்க வேண்டுமென்று கோவை வ.உ.சி. மைதானத்தில் ஊரே திரண்டதும் அதே ஜனவரியில்தான். அதற்கடுத்த மாதம் நம் வகுப்புப் பையன் ஒருவன் பத்து நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. விசாரிக்கப் போனோம்.

அவன் தகப்பனார் கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தீவனம் இல்லாமல் ஒரு ஜோடி காங்கேயம் காளைகளைச் சந்தையில் விற்று விட்டு வந்தவர், அன்று முதல் தூங்கவில்லையாம். நெஞ்சில் பாரம். இரத்தம், இருதயம் எல்லாம் பரிசோதித்தாயிற்று. "உடம்பில் ஒன்றுமில்லை" என்று ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி விட்டார்கள். நோயாளியின் காதில் 'ஒன்றுமில்லை' என்ற சொல் எப்படி விழும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நாம் மட்டும் யோசித்தோமா? "மாடுதானே, ஐயா! மழை பெய்தால் வேறு ஜோடி வாங்கிக் கொள்ளலாம்" என்று தைரியம் சொன்னோம். அவர் முகத்தை இன்னும் நன்றாகச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கொண்டார். இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த வாய் அது!

பிறகு உறவினர்கள் அவரைக் கோயமுத்தூரில் ஒரு மனநோய் வைத்தியரிடம் அழைத்துச் சென்றார்கள். துணைக்கு நாமும் போனோம். வைத்தியர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையை நாம் இகழவில்லை, தூக்கம் வந்தது. ஆனால் அடுத்த முறை போனபோது அவர் சொன்னார்: "தூக்கம் வருதுங்க. முழிச்சா மறுபடியும் கட்டுத்தறி காலியாத்தானுங்க இருக்குது." வைத்தியர் கெட்டிக்காரர். பக்கத்து அறையில் இருந்த மனோதத்துவ ஆலோசகர் அம்மாளிடம் அனுப்பினார்.

அந்த அம்மாள் ஊர், வயது, குடும்பம் எல்லாம் குறித்துக் கொண்டு, பேனாவை மூடி வைத்து விட்டுக் கேட்டார்: "மாட்டுக்கு என்னங்க பேரு?"

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "பெரியவன், சின்னவன்ங்க" என்றார். "பெரியவன், எங்கய்யன் போன அன்னிக்கு ராத்திரி பொறந்த கன்னுங்க. 'பட்டியிலே மாடு இல்லாம விட்டுப்போடாதே'ன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க ஐயன் கண்ண மூடுனாரு." அதற்கு மேல் பேச முடியவில்லை. ஒரு மாதம் வறண்டு கிடந்த கண்களில் அன்றுதான் நீர் வந்தது.

நாம் மாடு என்று எண்ணியது மாடே அல்ல. தகப்பனுக்குக் கொடுத்த வாக்கு. அதைத்தான் அவர் சந்தையில் விற்று விட்டு வந்திருந்தார்.

அழுது தீர்த்தால் குணமாகி விடும் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு வைத்தியர்களும் நினைத்ததுண்டு. 1880-82ல் வியன்னா நகரத்தில் ப்ராயர் என்ற டாக்டரிடம் தன் மனத்திலிருந்ததையெல்லாம் கொட்டிய ஓர் இளம்பெண், அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று தானே பெயர் சூட்டினாள். அவரும் பிராய்டும் சேர்ந்து 1895ல் புத்தகம் போட்டார்கள். அடக்கி வைத்த உணர்ச்சியை வெளியே விட வேண்டும் என்பது அப்போதைய சித்தாந்தம். நம் தேசமும் பின்தங்கி விடவில்லை. கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் 1922லேயே இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி விட்டார். ஆனால் கண்ணீர் மட்டும் போதாது என்பது நாளடைவில் தெரிந்தது. அழுகிறவர் எதற்காக அழுகிறார், அது அவருடைய வாழ்க்கையில் எந்த இடத்தில் வந்து தைக்கிறது என்று கண்டால்தான் முடிச்சு அவிழும்.

நமது அம்மாளும் அழுகையோடு விட்டுவிடவில்லை. "உங்க ஐயன் இருந்திருந்தா இந்தப் பஞ்சத்துலே என்ன செஞ்சிருப்பாரு? யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க" என்றார். அடுத்த வாரம் பதில் வந்தது: "தீனியில்லாம சாக உட்டிருக்க மாட்டாருங்க. அவரும் வித்துத்தானுங்க இருப்பாரு." அதற்கு மறு வாரம் பையன் பள்ளிக்கூடம் வந்தான். அவர் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாமென்றார்.

இது நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. வேலாயுதம்பாளையம்புதூர் என்று ஒரு கிராமம். பெயரிலேயே நம் மண் வாசனை அடிக்கிறது. அங்குள்ள முத்துசுவாமி கோயிலில் மனநோயாளிகள் வந்து தங்குவதுண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராமும் அவர் கூட்டாளிகளும் அங்கு தங்கிய 31 பேரைப் பரிசோதித்து, 2002ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடுமையான சித்தப் பிரமை உள்ளவர்கள். காலையில் சிறிது நேரம் பூஜை. பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. வீட்டார் ஒருவர் உடன் இருப்பது. சிகிச்சை என்று தனியாக வேறு எதுவும் இல்லை. சராசரியாக 6 வாரம் தங்கியவர்களுக்கு, நோயை அளக்கும் அளவுகோலில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது! முப்பத்தொரு பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாதுதான். ஆயினும் பயமுறுத்தாத ஓர் இடமும், பக்கத்தில் ஒரு சொந்தமும், கைக்கு ஒரு வேலையும் செய்யக் கூடியதை யாரும் அலட்சியம் செய்வதற்கில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தில், நோயாளியோடு வீட்டாரையும் தங்க வைத்துப் பல காலமாகச் சிகிச்சை செய்து வருகிறார்கள்.

தெய்வத்தின் பெயரைச் சொன்னால் போதும் என்று யாரும் எண்ணி விட வேண்டாம். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6ந் தேதி, ஒரு தனியார் விடுதியில் சங்கிலியால் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களும் குணம் தேடி வந்தவர்கள்தாம். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்பது 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அவர்களைப் பற்றி யாராவது கேட்க வேண்டுமென்று சட்டம் போட முடியுமா, தெரியவில்லை.

கேட்பதற்கு நேரம் வேண்டும். அதுதான் கஷ்டம். அந்த அம்மாள் நமது நண்பருக்கு முதல் நாள் கொடுத்தது முக்கால் மணி நேரம். கண்ணைத் துடைத்துக் கொண்டு அவர் வெளியே வந்தபோது, பெஞ்சில் இன்னும் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.