முதலிடம் யாருக்கு?



2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, தம் அன்புக்குரியவர்களின் குரலைக் கேட்கத் துடித்து எண்ணற்றோர் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்தார்கள். இணைப்புகள் திணறின. மக்களைக் காப்பாற்றச் சென்றவர்களுக்கும் அதே நெரிசல்தான். அன்று தீயணைப்புத் துறையைச் சேர்ந்த 343 பேர் உயிரிழந்தனர். அவர்களின் ஆன்ம குரு, பிரான்சிஸ்கன் சபைத் தந்தை மைக்கேல் ஜட்ஜும் அங்கேயே இறந்தார்.

இத்தகைய நேரத்துக்காக 1990-களிலேயே அமெரிக்க அரசு ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தது. மீட்புப் பணியாளர்களுக்கு ஓர் அட்டையும் இரகசிய எண்ணும் தரப்படும். நெரிசலிலும் அவர்கள் அழைப்புக்கு முதலில் வழி கிடைக்கும். 'கெட்ஸ்' எனப்பட்ட அச்சேவை சாதாரணத் தொலைபேசிக்கானது. 2002-இல் கைப்பேசிக்கும் அது வந்தது. பின்னர் 2012-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 'ஃபர்ஸ்ட்நெட்' என்னும் தனி வலையமைப்பு உருவானது. தேவைப்பட்டால் மற்றவர் இணைப்பை விலக்கியும் அது மீட்புப் பணியாளருக்கு வழி தரும். ஆனால் 911 என்ற அவசர எண்ணை அழைப்பவரின் இணைப்பை மட்டும் விலக்காது. ஆபத்தில் இருப்பவரின் கூக்குரலை யாரும் தள்ளிவிட முடியாது என்ற இவ்விதி நம் சிந்தனைக்குரியது.

இன்று நம் குரல் இணையத் தகவல்போல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. பழைய முன்னுரிமை புதிய வலையமைப்பில் தானாக வந்துவிடாது. மீண்டும் அமைக்கப்பட வேண்டும். மனிதர் அக்கறை எடுக்காவிட்டால் என்ன ஆகும்? 2018-இல் கலிபோர்னியாவில் பெருங்காட்டுத்தீ எரிந்தபோது, மாதாந்திர அளவு தீர்ந்துவிட்டது என்று சொல்லி, தீயணைப்புத் துறையின் வாகனம் ஒன்றின் இணைய வேகத்தை நிறுவனம் வெகுவாகக் குறைத்தது. பிறகு தவறை ஒப்புக்கொண்டது. ஆனால் தீ காத்திருக்கவில்லை.

முன்னுரிமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? விழா மேடையின் முன்வரிசை, சிபாரிசுக் கடிதம், வரிசையைத் தாண்டும் பெரிய மனிதர். செபதேயுவின் மக்களும் இப்படிப்பட்ட இருக்கையைத்தான் கேட்டார்கள் (மாற்கு 10). முதல்வராக விரும்புகிறவர் பணியாளராகட்டும் என்று ஆண்டவர் அவர்களைத் திருத்தினார். மீட்புப் பணியாளருக்குத் தரப்படும் முதலிடம் அவருடைய வசதிக்காக அன்று. அவர் எரியும் கட்டடத்துக்குள் போகிறார் என்பதற்காக. அதே உரிமை பணத்துக்கும் பதவிக்கும் விற்கப்படுமானால் அது அநீதியாகிவிடும்.

நம் பங்கு என்ன? பேரிடர் வேளையில் நீண்ட நேரம் பேசுவதைத் தவிர்த்து, நலம் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே போதும். நாம் விட்டுக்கொடுக்கும் ஒரு நிமிடம், முகமறியாத ஒருவரின் உயிருக்கு வழியாகலாம். காயப்பட்டவனுக்காகத் தன் பயணத்தை நிறுத்திய சமாரியர் செய்ததும் இதுதான்.

பிறர் உயிர் காக்கத் தம் உயிரைப் பணயம் வைக்கும் அனைவருக்காகவும் செபிப்போம். அவர்களுக்கு வழிவிடும் மனத்தையும் இறைவனிடம் கேட்போம்.