மாட்டுங்கா வெல்டரும் செங்கோட்டை ஃபிட்டரும்

சாரல் இறங்கிவிட்டது. தென்காசியில் துணி காயாத நாட்கள். இந்த ஈரக்காற்று வந்தாலே எனக்கு அப்பாவின் ரேடியோ நினைவுக்கு வரும்.

அப்பா செங்கோட்டை லோகோ ஷெட்டில் ஃபிட்டர். மீட்டர் கேஜ் காலம், நீராவி எஞ்சின் காலம். வேலை முடிந்து வந்ததும் சீயக்காய்த் தூளைக் கையில் கொட்டி முழங்கை வரை தேய்ப்பார். அப்படியும் கிரீஸ் வாசனை போகாது. அந்தக் கையாலேதான் ரேடியோவைத் திருகுவார். புதன்கிழமை இரவென்றால் இலங்கை வானொலியின் இந்திச் சேவை. அமீன் சயானியின் குரலில் பினாக்கா கீத்மாலா. மலையடிவாரத்தில் இரைச்சல் கூடிக் குறையும்போதெல்லாம் ரேடியோவை மெதுவாகத் திருப்பித் திருப்பி வைப்பார். ஒரு வார்த்தை புரியாது. 1965இல் தெருவெல்லாம் இந்தி எதிர்ப்பு முழக்கம் கேட்டபோதும் எங்கள் வீட்டில் இந்திப் பாட்டு நிற்கவில்லையாம். திணிப்பு வேண்டாம் என்பதும் சரி, பாட்டு வேண்டும் என்பதும் சரி என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1974 மே மாதம் நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் 20 நாள். அப்போது எனக்கு எட்டு வயது. மதுரைக்கு ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த அப்பா, இந்தியில் ஒரு முழக்கத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். வேலைநிறுத்தத்தைப் பற்றிய முழக்கம். தாளம் போட வைக்கும் அடி. அப்பா முற்றத்தில் நின்று அதைச் சொல்லிப் பார்ப்பார். நானும் அண்ணனும் பின்னாலேயே கத்துவோம். அதை எழுதியவரும், புதன்கிழமை ராத்திரி தான் காத்திருந்து கேட்ட பாடல்களில் பலவற்றை எழுதியவரும் ஒரே ஆள் என்று அப்பாவுக்குத் தெரியாது. கடைசி வரை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். எனக்கே பிறகுதான் தெரிந்தது. எழுதியவர் ஷைலேந்திரா. அவரும் ரயில்வேத் தொழிலாளி.

1923இல் ராவல்பிண்டியில் பிறந்தவர். பிகாரில் வேர் கொண்ட தலித் குடும்பம். இயற்பெயர் சங்கர்தாஸ் கேசரிலால். மதுராவில் வளர்ந்து, 1947இல் பம்பாய்க்கு வந்து மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். மாட்டுங்கா என்றால் நமக்குத் தமிழர் குடியிருப்பும் இட்லிக் கடைகளும் நினைவுக்கு வரும். அதே மாட்டுங்காவில் பகலில் நெருப்புப்பொறிக்கு நடுவே நின்றவர், மாலையில் இப்டா என்ற மக்கள் நாடக இயக்கத்தின் மேடைகளில் கவிதை வாசித்தார். பிரிவினையில் எரிந்த பஞ்சாபைப் பற்றி அவர் வாசித்த கவிதையைக் கேட்டுவிட்டு, தன் படத்துக்கு அதைத் தருமாறு ராஜ் கபூர் கேட்டார். கவிதை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார் ஷைலேந்திரா. பிறகு மனைவி உண்டாகியிருந்த நேரத்தில் கையில் காசில்லாமல் அதே ராஜ் கபூரைத் தேடிப் போனார். 1949இல் ‘பர்சாத்’ படத்துக்கு இரண்டு பாடல் எழுதினார். 500 ரூபாய் கிடைத்தது. கொள்கையை விட்டார் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. பிள்ளை வரப்போகிற வீட்டில் அரிசி இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அதன்பின் ‘ஆவாரா’, ‘ஸ்ரீ 420’, ‘மதுமதி’, ‘கைடு’. ஷங்கர்–ஜெய்கிஷன், எஸ்.டி. பர்மன், சலில் சௌத்ரி என்று எல்லோருக்கும் எழுதினார். ‘ஆவாரா’ பாட்டை ரஷ்யர்கள் தெருவில் பாடித் திரிந்தார்கள். அவருடைய கூட்டாளி ஹஸ்ரத் ஜெய்ப்பூரி, பம்பாயில் பஸ் கண்டக்டராக இருந்தவர். வெல்டரும் கண்டக்டரும் எழுதிய பாட்டு என்பதால்தானோ என்னவோ, அகராதியைத் தேட வைக்கும் சொற்கள் அவற்றில் குறைவு. மெட்டுக்கு எழுதுவது கவிதைக்கு இழுக்கு என்று சிலர் சொல்வார்கள். காவடி சுமப்பவர்களின் கால் நடைக்கு ஏற்பச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் நம் மாவட்டத்துக்காரர். அந்தப் பேச்சு இங்கே செல்லாது.

ஷைலேந்திரா சம்பாதித்ததையெல்லாம் ஒரு படத்தில் போட்டார். பணீஷ்வர்நாத் ரேணுவின் கதை. படத்தின் பெயர் ‘தீஸ்ரி கசம்’. மாட்டுவண்டிக்காரனாக ராஜ் கபூர், நாடகக்காரியாக நம் செங்கல்பட்டில் பிறந்த வஹீதா ரஹ்மான். இருவரும் கடைசியில் பிரிகிறார்கள். சேர்த்துவைத்தால் படம் ஓடும் என்று சொல்லிப் பார்த்தார்கள். ரேணு எழுதியதை மாற்ற மாட்டேன் என்று ஷைலேந்திரா நின்றார். வருடக்கணக்கில் இழுத்து, கடன் ஏறி, 1966இல் வெளிவந்த படம் ஓடவில்லை. அந்த டிசம்பர் 14ஆம் தேதி, ராஜ் கபூரின் பிறந்த நாளன்று, 43 வயதில் இறந்துபோனார். சிறந்த படத்துக்கான தேசிய விருது அதன் பிறகுதான் வந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் அம்மாவைப் பார்க்கச் செங்கோட்டை போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து ‘பந்தினி’ படப் பாட்டு ஒன்றைப் போனில் போட்டேன். 1963இல் வந்த பிமல் ராய் படம். பெண்கள் சிறை. ஒரு கைதி திரிகை சுற்றிக்கொண்டே பாடுகிறாள். இந்த மழை மாதத்திலாவது என்னை அழைத்துப்போக அண்ணனை அனுப்புங்கள் என்று அப்பாவிடம் கேட்கும் பாட்டு. வடக்கே சாவன் மாதத்தில் பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போவது வழக்கம். ஆஷா போன்ஸ்லே குரலில் அழுகை வெளியே வராது, அடியிலேயே நிற்கும். அம்மாவுக்கு அர்த்தம் சொன்னேன்.

“ஏளா, இது ஆடிக்கு அழைக்கதுல்லா?” என்றாள்.

“ஆமாம்மா. எழுதுனவரு அப்பா மாதிரி ரயில்வேல வேலை பாத்தவரு.”

அம்மா கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ பொறக்கதுக்கு முந்தின வருசம் ஒங்க மாமா வரல. காய்ச்சல்ல கெடந்துருக்கான், எங்களுக்குத் தாக்கல் வரல. ஆடி ஒண்ணாந்தேதிலேர்ந்து துணிய மடிச்சுப் பையில வச்சிருந்தேன். ஆட்டுரல்ல மாவாட்டும்போதும் வாசலப் பாக்க மாதிரிதான் ஒக்காருவேன். ஆவணி பொறந்தப்பொறம் ஒங்க அப்பாதான் அந்தப் பையத் தொறந்து, துணிய எடுத்துக் கொடியில போட்டாரு.”