பிள்ளை கொழுத்துட்டா கிளினிக் முடிஞ்சுதா?



அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, மஹியாவ உம்மா வாப்பாமாருக்கு எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசியுங்கள்.

குறைமாசப் பிள்ளை இன்குபேட்டரில் இருக்கும்போது முழுக் குடும்பமும் துஆவில் நிற்கிறது. வீட்டுக்கு வந்து கன்னம் உப்பினதும் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. "மாஷா அல்லாஹ், பிள்ளை கொழுத்துட்டுதானே!"

கொழுத்தது உடம்பு. கண், காது, மூளை?

32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களில் பலர் நன்றாகவே வளர்கிறார்கள். ஆனால் கைகால் இறுக்கம், பார்வை, கேள்விக் குறைபாடுகள், பேச்சுத் தாமதம் எல்லாம் மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. விழித்திரைப் பரிசோதனை பிறந்து முதல் சில வாரங்களிலேயே செய்ய வேண்டியது. தவறினால் சில பிள்ளைகளின் பார்வையே போய்விடும்.

"குறைமாசம்தானே, மெதுவாத்தான் பேசும்" என்பார் உம்மும்மா. சரி, அதற்கும் கணக்கு இருக்கிறது. 28 வாரத்தில் பிறந்த பிள்ளை 12 வாரம் முந்தி வந்தது. பிறந்து ஒன்பது மாதமானால் ஆறு மாதப் பிள்ளையாகப் பார்க்க வேண்டும். 2 வயது வரை இந்தக் கழிவு உண்டு. ஆறு மாதப் பிள்ளை செய்வதையும் அது செய்யவில்லை என்றால், "மெதுவா" என்று சொல்ல இடமே இல்லை.

"ஊர் கதைக்கும், கண்ணூறு படும்" என்கிறீர்கள். கதைக்கிற ஊர் உங்கள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தராது.

முடிவு தரம் 1 வகுப்புக்குத்தான் வருகிறது. ஒரு மகன் கூப்பிட்டால் திரும்பமாட்டார். குழப்படி என்று பின்வாங்கில் இருத்தினேன். மூன்றாம் தவணையில்தான் உம்மா சொன்னார், ஏழாம் மாசத்தில் பிறந்தவராம், காது பார்க்கக் கொடுத்த திகதிக்குப் போகவில்லையாம். கேட்காத பிள்ளையைக் கேட்கவே முடியாத இடத்தில் இருத்தியது நான். அந்த அநியாயத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தரப்பட்டிருக்கிறோம். நாம் கட்டுவதே இல்லை.

வாப்பாமாரே, அரச கிளினிக்குக்குக் காசில்லை. பேராதனை சிறுவர் வைத்தியசாலை பஸ்ஸில் போகிற தூரம். மச்சானின் கலியாணத்துக்கு மூன்று நாள் கடை பூட்டுகிறோம், பிள்ளையின் காதுக்கு அரைநாள் பூட்ட முடியாதா?

பள்ளி நிர்வாகங்களே, ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைப் பேசுங்கள். ஆசிரியர்களே, தரம் 1க்குச் சேர்க்கும்போது எத்தனையாம் வாரத்தில் பிறந்தது என்று கேளுங்கள்.

இன்றைக்கே அந்தக் கொப்பியை வெளியே எடுங்கள். தவறிய திகதி இருந்தால் நாளைக்கே மிட்வைஃப் மிஸ்ஸிடம் போங்கள். பிள்ளை அமானிதம். கணக்குக் கேட்கப்படும்.