பழைய பாக்கெட் இயந்திரமும் புதிய கன்ட்ரோலும்



ரவை, பருப்பு, மிளகாய்த்தூள் பாக்கெட் போடும் இயந்திரம் இன்று நம்மில் பலருடைய கிடங்கில் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடியபின் அதன் கன்ட்ரோல் போர்டு ஒரு நாள் நின்றுவிடும். விற்றவரைக் கூப்பிட்டால், "அந்த போர்டு இப்போது வருவதில்லை, புது மெஷின் போட்டுவிடுங்கள்" என்பார். நாமும் பழையதை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டுக் கடனுக்கு அலைகிறோம். இது வீண் செலவு என்பது என் கருத்து.

மரக்கடைகளில் சி.என்.சி. ரூட்டர் வைத்திருப்பவர்களைப் பாருங்கள். கம்ப்யூட்டரும் கன்ட்ரோலும் பழசாகிப் போனால் இரும்புப் படுக்கையை அப்படியே வைத்துக்கொண்டு கன்ட்ரோலை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். நாமும் அதைச் செய்யலாம். ரிலே, டைமர் இருந்த இடத்தில் பி.எல்.சி.; ஃபிலிமை இழுக்கும் கிளட்ச்-பிரேக்குக்குப் பதில் சர்வோ மோட்டார். கிளட்ச் தேயத் தேய பை நீளம் கூடிக் குறைந்து, கடைப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு வருவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஆட்டம் கண்ட இயந்திரத்துக்கு இந்த வேலை வேண்டாம்.

எடை தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கப்பில் விழுவது கொள்ளளவுதானே தவிர எடை அல்ல; மாவு நயமாக இருந்தால் ஓர் எடை, கரகரப்பாக இருந்தால் வேறு எடை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 கிராம் பொட்டலம் ஒன்றில் 15 கிராமுக்கு மேல் குறையக்கூடாது. மொத்தச் சராசரியும் அச்சிட்ட எடைக்குக் கீழே போகக்கூடாது. அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியது பாக்கெட் போட்ட நாம்தான். ஆகவே தராசில் போட்டுப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். என் இயந்திரத்தை மாற்றிக் கொடுத்தவர் பி.எல்.சி.க்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போய்விட்டார். தீபாவளி நெருக்கடியில் 200 கிராமிலிருந்து 100 கிராமுக்குப் பை நீளத்தை மாற்ற முடியவில்லை. அவர் வெளியூரில். நான்கு நாள் ஆள் வைத்துக் கையால் பாக்கெட் போட்டேன். பணம் கொடுத்து வாங்கிய பூட்டுக்குச் சாவி அடுத்தவர் பையில் இருந்தால் எப்படி?

கடைசித் தவணையைக் கொடுக்குமுன் புரோகிராம் நகல், பாஸ்வேர்டு, வயரிங் படம் மூன்றையும் வாங்கிவிடுங்கள். இதை ஆர்டரிலேயே எழுதுங்கள். மறுப்பவருக்கு வேலை கொடுக்காதீர்கள். எமர்ஜென்சி பட்டனை அழுத்தி, ஜா உடனே நிற்கிறதா என்றும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள்; அங்கே கை வைப்பது நம் கடைப் பிள்ளைகள்.

சிறு கடைக்காரர் தனியாகக் கேட்டால் கம்பெனிக்காரர் காதில் விழுவதில்லை. இந்த நிபந்தனைகளை அச்சிட்ட மாதிரி ஆர்டர் படிவம் ஒன்றை நம் சங்கமே உறுப்பினர்களுக்குத் தர வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.