மரத்துப் போவது கை, பழி எழுதுகோலுக்கா?

"எழுதினால் கை மரத்துப் போகிறது" என்று பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சொல்லட்டும். உடனே இரண்டு தீர்ப்புகள் வந்து விழும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது" என்பது ஒன்று. "கையெழுத்தின் காலம் முடிந்துவிட்டது, தட்டச்சு செய்யட்டும்" என்பது மற்றொன்று. இரண்டுமே பொறுப்பற்ற பேச்சு.

மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகளும் அவற்றின் மீது பாலம்போல் கிடக்கும் தடித்த நாரும் சேர்ந்து ஓர் இடுக்கு வழியை அமைத்துள்ளன. அதன் வழியே 9 தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினாலோ மணிக்கட்டு நெடுநேரம் மடங்கிக் கிடந்தாலோ நசுங்குவது அந்த நரம்பு. கார்ப்பல் டனல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப் போகும், பெரும்பாலும் இரவில்.

சுண்டுவிரல் மரத்தால் செய்தியே வேறு. அது முழங்கையைச் சுற்றி வரும் இன்னொரு நரம்பு. முழங்கையை மடக்கி, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் படுத்துக் கிடந்தால் அந்நரம்பு இழுபடும். அதையும் எழுதுகோலின் கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம்?

தட்டச்சு செய்தால் தப்பிக்கலாம் என்போர், கட்டிலில் கவிழ்ந்தபடி மடிக்கணினியின் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றி இடுபணி செய்யும் பிள்ளைகளைப் பார்த்ததில்லை போலும். கருவி மாறினால் மட்டும் போதாது. இத்தாலிய மருத்துவர் இராமத்சினி 1713-இலேயே எழுத்தர்களின் கைநோயைப் பற்றி எழுதியபோது, ஓயாமல் ஒரே வகையாகக் கையை அசைப்பதைத்தான் காரணமாகக் காட்டினார்.

சரி, எழுதும் பழக்கத்தில் குறையே இல்லையா? உண்டு. நகம் வெளுக்குமளவு இறுக்கிப் பிடிப்பார்கள்; அடுத்த தாளிலும் தடம் பதியுமளவு அழுத்துவார்கள்; மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்துக்கொள்வார்கள். மூன்று விரல் பிடி ஒன்றே சரி என்று நான் வாதாடவில்லை. நான்கு விரலால் பிடித்தும் நன்றாக எழுதலாம். இறுக்கமும் வளைவுமே கேடு. ஆண்டு 1-இல் ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடிய இதனைப் பள்ளிகள் பார்ப்பதில்லை. எழுத்து வரிக்குள் நிற்கிறதா என்று பார்ப்போர், விரல்கள் எப்படி நிற்கின்றன என்று பார்ப்பதில்லை. தேர்வுக்கே நேரம் போதவில்லை என்ற சாக்கும் 2021-இல் யு.பி.எஸ்.ஆர். ஒழிக்கப்பட்டதோடு போயிற்று.

பருவம் முழுவதும் ஒரு பக்கம்கூடக் கையால் எழுதாத பிள்ளையை, இறுதியில் மூன்று மணி நேரம் விடாமல் எழுதச் சொல்வது பல்கலைக்கழகத்தின் பங்கு. பழகாத கை நோகாமல் என்ன செய்யும்?

வீட்டிலோ தைலம். தைலம் தேய்த்து நாள்களைக் கடத்தாதீர்கள், பெற்றோரே! தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்றால், இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையாலேயே பலருக்குத் தணிந்துவிடும். கட்டைவிரலின் அடித்தசை மெலிந்த பிறகு போனால், அறுவை செய்து நரம்பை விடுவித்தாலும் அத்தசை முழுமையாக மீளும் என்ற உறுதி இல்லை.