ஊர் மாறினால் ஊசியும் மாறும்



விடுதிக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகையை ஒட்டி நம்மவர் சிலர் வானொலி அலையால் இயக்கும் சிறு கார்களை வைத்திருக்கும் அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவ்வறையின் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘பெருவேக ஊசி மூன்றேகால் சுற்று; தாழ்வேக ஊசி இரண்டரைச் சுற்று; தலைச்சூடு 110 பாகை’ என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியவன் நான்தான். அந்த அட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

“ஓர் அட்டையைக் கழற்ற ஒரு கட்டுரையா?” என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் அந்த அட்டை செய்த வேலையைக் கேளுங்கள்.

2023 சூலையில் கோவையிலிருந்து தில்லிக்கு நான் வந்தபோது, என் பெட்டிகளோடு நைட்ரோ எஞ்சின் பூட்டிய கார் ஒன்றும் வந்தது. உண்மைக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ளது. மாமன் மகன் எனக்கு விட்டுக்கொடுத்தது. சித்திரை வெயிலில், கோவைத் திடல் ஒன்றில் அவர் அதன் ஊசிகளைத் திருத்தி வைத்து, அந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துத் தந்தார். தில்லியிலும் அப்போது வெப்பம்தான். வண்டி நன்றாகவே ஓடியது. ஆகவே அந்த எண்களை வேதவாக்காக நம்பினேன். பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மாட்டினேன். அந்த ஆண்டின் குளிர்காலத்தில் நான் வண்டியைத் தொடவே இல்லை. தேர்வும் குளிரும் என்னை அறைக்குள் அடைத்துவிட்டன.

2025 சனவரியில், முதலாண்டு மாணவன் ஒருவன், மதுரைப் பக்கத்துத் தம்பி, பல திங்கள் சேமித்த பணத்தில் அதே வகை எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெப்பநிலை 7 பாகை. அட்டையில் உள்ளபடியே ஊசிகளை வைத்து எஞ்சினைக் கிளப்பினான். சிறிது நேரம் ஓட்டியபின் வெப்பமானியைக் காட்டினான். தலைச்சூடு 80 பாகைதான் இருந்தது. அட்டையோ 110 என்கிறது. சூட்டை ஏற்றுவதற்காகப் பெருவேக ஊசியை உள்ளே திருகினான். புகை மெலிந்தது, வேகம் கூடியது. மேலும் திருகினான். எஞ்சின் ஊளையிட்டுக்கொண்டு இரண்டு சுற்று ஓடி, மூன்றாம் சுற்றில் நின்றது. பிறகு கிளம்பவே இல்லை.

அன்று மாலை அவன் என் அறைக்கு வந்து தலைகுனிந்து நின்றான்.

“அண்ணே, அட்டையிலே போட்டிருந்தபடிதான் செஞ்சேன். எனக்குக் கை பழக்கமில்லை. அதான் கெடுத்துட்டேன் போல. இருந்தாலும், நிக்கிறதுக்கு முந்தி போன வேகம் இருக்கே, அப்படி ஒரு வேகம் நான் பார்த்ததே இல்லைண்ணே” என்றான்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தோம். குளோ பிளக்கின் சுருள் வெளுத்து அறுந்திருந்தது. பிஸ்டனின் பக்கங்களில் நெடுகக் கீறல்கள். அவன் கை ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை முழுவதும் என் கையெழுத்தில் சுவரில் தொங்கியது.

எப்படி என்று பார்ப்போம். நைட்ரோ எஞ்சினில் பொறி பிறப்பிக்கும் பிளக் கிடையாது. மின்கலத்தால் ஒருமுறை சிவக்கவைத்த பிளாட்டினக் கம்பிச் சுருள், மின்கலத்தை எடுத்தபின்பும் அணைவதில்லை. மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின்மேல் வினைபுரிவதால் பிறக்கும் வெப்பமும், எரிதலின் வெப்பமும் அதைக் கனன்றபடியே வைக்கின்றன. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947 இல் இந்தக் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, சிற்றெஞ்சின்கள் பற்றவைப்புச் சுருளையும் மின்கலத்தையும் சுமந்து திரியும் பாரம் நீங்கியது. எரிபொருளில் மெத்தனாலும், நைட்ரோமீத்தேனும், மசகெண்ணெயும் கலந்திருக்கும். எங்கள் எஞ்சினின் கொள்ளளவு 3.5 கன செண்டிமீட்டர். ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. ஆனால் நிமிடத்திற்கு 30,000 சுற்றுக்குமேல் சுழலும்.

இவ்வளவு வேகத்தில் சுழலும் பொருளுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி இல்லை. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் அதன் உயிர். எரிபொருளைக் குறைத்தால் சூடு ஏறுகிறது. அதே நேரத்தில் எண்ணெயும் குறைகிறது. பட்டறையில் ‘லீன்’ என்று சொல்லும் நிலை இதுவே. இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. எரிபொருள் மிகுந்த ‘ரிச்’ நிலையில் எஞ்சின் சோம்பலாக ஓடும், புகை மண்டும். ஊசியைத் திருகத் திருக வேகம் கூடிக்கொண்டே போகும். அழிவதற்குச் சற்று முன்னர்தான் அது மிகுந்த வேகத்தைக் காட்டும். அந்தத் தம்பி கண்டு மகிழ்ந்தது அந்த வேகத்தைத்தான்.

இனி, கோவை எண் தில்லியில் ஏன் பொய்த்தது? முதலாண்டு மாணவனும் அறிந்த வாயு விதி போதும். அழுத்தம் மாறாதபோது, 35 பாகைக் காற்றைவிட 7 பாகைக் காற்று ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தி மிக்கது. எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் அவ்வளவு கூடுதலான ஆக்சிசன் உள்ளே போகிறது. அதற்கு ஈடாக எரிபொருளும் கூட வேண்டும். அதாவது ஊசியை வெளியே திறக்க வேண்டும். மூன்றேகால் சுற்றிலேயே வைத்தால், கோவைக் கோடையில் சரியாக இருந்த கலவை தில்லிக் குளிரில் தானாகவே லீன் ஆகிவிடும்.

வெப்பமானி ஏமாற்றியதும் இதனால்தான். குளிர்காற்று எஞ்சின் தலையை வெளியிலிருந்து ஆற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே கலவை வறண்டிருந்தது. வெளியே தலை ஆறியிருந்தது. 80 என்ற எண் பொய்யன்று. அதற்குப் பொருள் சொல்ல என் அட்டைக்குத் தெரியவில்லை. குளிர்காலத்தில் 110 பாகையைத் துரத்திக்கொண்டு ஊசியைத் திருகுவது, எஞ்சினைத் தெரிந்தே கொல்வதாகும்.

அட்டையில் இல்லாத இன்னொன்றும் உண்டு. இவ்வகை எஞ்சினில் பிஸ்டன் ஓடும் ஸ்லீவின் மேற்பகுதி சற்றே குறுகலாக இருக்கும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் அங்கே இறுகிப் பிடிக்கும். சூடேறி விரிந்ததும் சரியான இடைவெளி கிடைக்கும். ஆகவே குளிர்காலக் காலையில், தலைமுடி உலர்த்தும் கருவியால் எஞ்சினைச் சூடாக்கிய பின்பே கிளப்ப வேண்டும். இல்லையேல் கனெக்டிங் ராடு அந்த இறுக்கத்தின் அடியைத் தாங்க நேரும். கோவையில் அப்படி ஒரு தேவையையே நான் கண்டதில்லை. காணாததை எப்படி எழுதியிருப்பேன்?

வாயு விதியைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெறப்போகிறவன். என் அட்டையைத் தினமும் பார்த்தும் அந்த விதி என் நினைவுக்கு வரவில்லை. இதை எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடு நின்றுவிடுவது பயனற்றது என்பதால் எழுதுகிறேன்.

தோழர்களே! வெளியூரில் வாழும் நமக்கு மூத்தவர் சொல்லே வழித்துணை. எந்த ரயிலில் இடம் கிடைக்கும், எந்த உணவகத்தில் சோறு குழையாது, எந்தப் பேராசிரியரிடம் எப்போது போக வேண்டும் என்று அண்ணன்மார் சொல்லித்தான் தம்பியர் பிழைக்கிறோம். இந்த உறவு நம் மன்றத்தின் பெருமை. இதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நாம் பெரும்பாலும் விடையை மட்டும் கொடுக்கிறோம். அந்த விடை எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எதனால் வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். வாங்கிக்கொள்ளும் தம்பியும், அண்ணன் சொன்னதாயிற்றே என்று தன் கண்ணையும் காதையும் மூடிக்கொள்கிறான். கெட்டபின் தன்னையே பழித்துக்கொள்கிறான். இதுதான் எனக்குப் பெரிதாக வலித்தது. பிஸ்டனை மாற்றிவிடலாம்; ‘எனக்குக் கை பழக்கமில்லை’ என்று ஓர் இளைஞன் நம்பிவிட்டால் அதை எளிதில் மாற்ற முடியாது.

“எண்ணே தராவிட்டால் புதியவன் எங்கிருந்து தொடங்குவான்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எஞ்சினோடு வரும் கையேட்டில் தொடக்க நிலை தந்திருப்பார்கள். அங்கிருந்தோ, அதைவிடச் சற்று ரிச்சாகவோ தொடங்கட்டும். ஆனால் அது புறப்படும் இடம் என்று சொல்லிக் கொடுப்போம். என் அட்டை அதையே சேருமிடமாகக் காட்டியது. “மின்மோட்டார் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே” என்றார் மற்றொருவர். ஓட்டுவது மட்டுமே விருப்பமானால் அவர் சொல்வது சரி. நைட்ரோ எஞ்சின் புகையும், இரையும், செலவும் வைக்கும். அதனோடு பழகுகிறவன் கேட்கப் பழகுகிறான். அதற்காகவே அதை நான் விரும்புகிறேன். வள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் சொன்ன கையோடு கேள்விக்கென ஓர் அதிகாரம் வைத்தார். அவர் கேட்கச் சொன்னது சான்றோர் சொல்லை. எஞ்சின் சொல்வதையும் அதோடு சேர்த்துக்கொண்டால் அவர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அது என்ன சொல்கிறது? முழுவேகத்தில் போகும்போதும் பின்னால் மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். புகை மறைந்தால் உடனே ஊசியைத் திற. முழுவேகத்திலிருந்து விட்டதும் இரைச்சல் தணியாமல் நெடுநேரம் உயரத்திலேயே நின்றால், அது லீன் என்று அலறுகிறது. சும்மா ஓடும்போது கார்புரேட்டருக்கு அருகே எரிபொருள் குழாயை விரலால் கிள்ளிப் பார். இரண்டு மூன்று நொடியில் சற்றே விரைந்து அணைந்தால் தாழ்வேகக் கலவை நன்று. கிள்ளியவுடனே அணைந்தால் லீன். நெடுநேரம் ஓடினால் ரிச். ஊசியை ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்றுக்குமேல் திருப்பாதே. ஒன்றைத் திருப்பிய பின், இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டே மற்றொன்றைத் தொடு. எவ்வளவு திருத்தியும் லீனாகவே இருந்தால் ஊசியை விட்டுவிட்டுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார். காற்று அவ்வழியே நுழைந்திருக்கும்.

ஓட்டம் முடிந்தபின் செய்வதும் பாதி வேலை. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். எஞ்சியிருக்கும் எரிபொருளை முழுதும் எரித்துத் தீர்த்துவிட்டு, குளோ பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட வேண்டும். இல்லையேல் பேரிங்குகள் துருவேறும். பிஸ்டனைக் கீழ்நிலையில் நிறுத்தி வைக்க வேண்டும். தில்லித் தூசிக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி கழுவி, எண்ணெய் தோய்த்துப் பூட்ட வேண்டும். மெத்தனால் நஞ்சு என்பதையும், பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறக்கலாகாது. அறைக்குள் எஞ்சினை ஓட்டவே கூடாது.

இவற்றையும் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடலாமே என்பீர்கள். வேண்டாம். அட்டை இருந்த ஆணியில் ஒரு குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிடுவோம். ஓட்டும் ஒவ்வொருவரும் நாள், நேரம், காற்றின் வெப்பம், எரிபொருள், ஊசியின் சுற்று, புகை, கிள்ளியபின் ஓடிய நொடி ஆகியவற்றை எழுதட்டும். கெடுத்தவனும் கெட்டதை எழுதட்டும். முதல் பக்கத்தில் சனவரியில் நடந்ததை நானே எழுதுகிறேன். புதியவன் முதல் தொட்டி எரிபொருளை ஓட்டும்போது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். நின்று கேட்கட்டும், ஊசியைத் தம்பியே திருப்பட்டும்.

புதிய பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நான் பணம் தருவதாகச் சொன்னேன். அந்தத் தம்பி ஒப்பவில்லை. பலமுறை வற்புறுத்தியபின் பாதி வாங்கிக்கொண்டான். மீதிப் பாதிக்கு ஈடாக, அடுத்த எஞ்சினை நாங்கள் இருவரும் சேர்ந்து பழக்குவது என்று பேசி முடித்திருக்கிறோம்.

இன்னும் சில திங்களில் நான் இவ்விடம் விட்டுப் போய்விடுவேன். என் கையெழுத்து மட்டும் சுவரில் இருந்துகொண்டு, நான் பார்த்திராத பருவத்தில், நான் அறியாத ஒரு தம்பிக்குத் தவறான எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதைக் கழற்றப் போகிறேன். தோழர்கள் அருள்கூர்ந்து வர வேண்டும். வரும்போது ஒருவர் நூறு பக்கக் குறிப்பேடு ஒன்றும், ஒருவர் முடி உலர்த்தும் கருவியும் கொண்டுவந்தால் நலம்.