எல்.எஸ்.டி. வாங்குறதுக்கு முந்தி நம்ம ரோட்டைப் பாருங்க

கொழுந்து லொறி சேற்றில் மாட்டினதைப் பார்க்காத ஆள் நம்ம பக்கம் இருக்க முடியாது. ஒரு வீல் சேற்றை வாரி இறைச்சிக்கிட்டு சும்மா சுத்தும். மறுபக்க வீல் அசையாம நிக்கும். ஒருத்தர் சாக்கு கொண்டு வருவார், இன்னொருத்தர் கல் அடுக்குவார், நாலு பேர் சுத்துற வீல் பக்கமா ஏறி நிப்பாங்க. லொறி நகரும்.

அந்த நாலு பேரும் செஞ்ச வேலையைத்தான் எல்.எஸ்.டி. என்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷல் பெட்டிக்குள்ளேயே செய்யுது. (பெயரைப் பார்த்துப் பயப்படாதீங்க, போதைப்பொருள் இல்லை.) சாதாரண டிஃபரன்ஷல் இரண்டு வீலுக்கும் சமமான விசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கிற வீலால் எவ்வளவு தாங்க முடியுமோ, கல்லில் இருக்கிற வீலுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். பலவீனமான பக்கம்தான் கணக்கைத் தீர்மானிக்குது. வளைவில் வேகமா திரும்பும்போதும் இதே கதை. பாரம் வெளிப்பக்கம் சாய, உள்பக்க வீல் இலேசாகி வீணா சுத்தும். 1930களில் ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களில் இதே தொல்லை வந்தபோதுதான் ஃபெர்டினண்ட் போர்ஷே, இசட்.எஃப். கம்பனியிடம் இதற்கொரு தீர்வைச் செய்யச் சொன்னார்.

இப்ப ஏன் இந்தப் பேச்சு? வெளிநாட்டில் உழைச்சி வந்த எங்க கூட்டாளி ஒருத்தர் பழைய ஹொண்டா சிவிக் ஒன்று வாங்கியிருக்கார். அதுக்கு எல்.எஸ்.டி. போடணுமாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. புதுசு கைக்கு எட்டாத விலை. அதனால் இருக்கிறதையே ஏத்திக் கட்டுற ஆசை எல்லாருக்கும் வந்திருக்கு. ஆசையில் பிழையில்லை. ஆனா எதை வாங்குறோம் என்பதில்தான் எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம்.

டிரிஃப்ட் வீடியோ பார்க்கிற தம்பிமார் '2-வே' என்றாங்க. இது கிளட்ச் தட்டு வகை. எக்ஸலேட்டர் மிதிச்சாலும் இறுக்கும், விட்டாலும் இறுக்கும். '1-வே' மிதிக்கும்போது மட்டும் இறுக்கும். '1.5' இரண்டுக்கும் நடுவில். பந்தயத்துக்கு இவை நல்ல சாமான்தான். ஆனா கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குற ரோட்டை நினைச்சுப் பாருங்க. தியலும அருவி வரைக்கும், அதுக்குக் கீழேயும், காலை எடுத்து எடுத்துத்தான் ஓட்டணும். காலை எடுக்கும்போதும் இரண்டு வீலும் சேர்ந்து இறுகினா, கார் திரும்ப மறுத்து நேரா போகப் பார்க்கும். முன்வீல் இழுக்கிற சிவிக்குக்கு இது பொருத்தமே இல்லை. அதோட தனி எண்ணெய் வேணும், தட்டு தேயும், தேஞ்சா பெட்டியைக் கழட்டணும்.

கராஜ் பக்கம் இன்னொரு யோசனை சொன்னாங்க: "வெல்டிங் அடிச்சிருவோம், செலவே இல்லை." இதை நாங்க ஒரேயடியா எதிர்க்கிறோம். திரும்பும்போது வெளிவீல் கூடத் தூரம் ஓடணும், உள்வீல் குறைய ஓடணும். அதுக்குத்தான் டிஃபரன்ஷலே இருக்கு. ஒட்டிவிட்டா டயர் தேயும், அக்ஸல் முறியலாம், பெரகல வளைவு மாதிரி இடத்தில் கார் சொன்ன பேச்சு கேட்காது.

எங்க தெரிவு ஹெலிக்கல் வகை. தட்டு இல்லை, பற்சக்கரம் மட்டும்தான். டோர்சன், குவைஃப் என்கிற பெயர்களில் வருவது இதுதான். இதன் அளவு 2.5:1 என்று வைங்க. வழுக்குற வீல் 100 நியூட்டன் மீட்டர் தாங்கினா, மற்றதுக்கு 250 வரை போகும். மெதுவா வேலை செய்யும், ஸ்டியரிங்கைப் பறிக்காது, சாதாரண கியர் எண்ணெயே பெரும்பாலும் போதும். குறையும் உண்டு. ஒரு வீல் அந்தரத்தில் நின்னா, பூச்சியத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூச்சியம்தான். அப்ப பிரேக்கை இலேசா தொட்டா கொஞ்சம் பிடிக்கும். சிவிக் டைப் ஆர் ஈ.கே.9 கம்பனியிலிருந்தே ஹெலிக்கலோடதான் வந்தது.

பஞ்சிகாவத்தையில் பழைய கியர் பெட்டியோட எல்.எஸ்.டி. கிடைச்சா அவசரப்படாதீங்க. உள்ளே தட்டு வகையா, ஹெலிக்கலா என்று திறந்து காட்டச் சொல்லுங்க. தட்டு எவ்வளவு தேஞ்சிருக்கு என்று வெளியிலிருந்து தெரியாது. பெட்டியைத் திறக்கிற நேரத்திலேயே பெயாரிங், ஒயில் சீல் இரண்டையும் மாத்துற காசையும் கணக்கில் சேருங்க.

இனி எங்களுக்கு முக்கியமான விஷயம். சாதாரண டிஃபரன்ஷலில் உள்வீல் சுத்தும்போது இழுவை குறையும், சத்தம் வரும். அது ஒரு எச்சரிக்கை: 'போதும்டா' என்று கார் சொல்லுது. எல்.எஸ்.டி. அந்த எச்சரிக்கையைத் தள்ளிப் போடுது. இன்னும் வேகமா போகலாம், உண்மைதான். ஆனா எல்லை தாண்டினா இரண்டு வீலும் ஒரே நேரத்தில் கைவிடும். முன்வீல் கார் வளைவுக்கு வெளியே போகும், பின்வீல் கார் வாலைச் சுழட்டும். இறுக்கம் கூடக் கூட அந்த நேரம் திடீரென்று வரும். ஹெலிக்கலை நாங்க தேர்ந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே யார் நிக்கிறாங்க? 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி 7 பேர் இறந்தாங்க, அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். அது பந்தயத்துக்கென்றே மூடின பாதை, கொடி காட்ட ஆள் இருந்த இடம். நம்ம ரோட்டில் கொடியும் இல்லை, நடைபாதையும் இல்லை. மலைக்குப் போற அம்மாமாரும் பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைகளும் வளைவின் ஓரத்தில்தான் நடக்குறாங்க. பனிமூட்டம் இறங்கினா பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது.

அதனால கூட்டாளிக்கு நாங்க சொன்னது இதுதான். முதலில் நாலு நல்ல டயர். ஒரே அக்ஸலில் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். இல்லாட்டி எல்.எஸ்.டி. நேர் ரோட்டிலும் ஓய்வில்லாம உழைச்சுத் தேயும். அடுத்து பிரேக். எந்த எல்.எஸ்.டி.யும் காரை நிறுத்தாது. அதுக்குப் பிறகும் காசு மிஞ்சினா ஹெலிக்கல் போடு. 2-வே ஆசை தீரலையா? மூடின பாதையில், ஹெல்மட்டோட ஓட்டு.

அவர் இன்னும் ஒத்துக்கல. ஆனா போன கிழமை டயர் விலை விசாரிச்சார். எங்களுக்கு இப்போதைக்கு அது போதும்.